வீச்சு வலைக்கு ஈயக்குண்டு வார்க்க அச்சு தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும் மதுரைப் பக்கத்துக் கண்மாய்கள் மாசி, பங்குனியில் வற்றத் தொடங்கும். பரணில் கிடந்த வீச்சு வலைகள் அப்போதுதான் கீழே இறங்கும். அடிக்கயிற்றில் பாதிக் குண்டுகள் காணாமல் போயிருப்பதும், மிச்சம் இருப்பவை ஆளுக்கொரு எடையில் இருப்பதும் அப்போதுதான் கண்ணில் படும். கடையில் புதுக் குண்டு கிடைக்கும், ஆனால் உங்கள் வலைக்கு வேண்டிய எடையிலும் உங்கள் கயிற்றுக்கு ஏற்ற துளையிலும் கிடைப்பது அரிது. கையில் ஒரு நல்ல அச்சு இருந்தால் அந்தக் கவலை இல்லை. வலை இருக்கும் வரை குண்டு வார்த்துக்கொள்ளலாம்.

பலரும் முதலில் அச்சை வாங்கிவிடுகிறார்கள். அதில் வரும் குண்டை எப்படியாவது வலையில் கோத்துவிடலாம் என்று பார்க்கிறார்கள். அது தலைகீழான வழி. வலை, தண்ணீர், கயிறு, எடை, வடிவம் எல்லாம் முடிவான பிறகுதான் அச்சு. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

படி 1: எந்தத் தண்ணீர், எந்த வலை

வண்டியூர், மாடக்குளம், நிலையூர் போன்ற கண்மாய்களில் வலை வீசும் இடத்தில் ஆழம் பெரும்பாலும் இடுப்பளவுதான், அடியில் வண்டல். இங்கே கனமான குண்டு கட்டினால் அது சேற்றில் புதைந்துவிடும். இழுக்கும்போது வலையோடு சேறும் வரும், மீன் அடிக்கயிற்றுக்குக் கீழே நழுவவும் வழி கிடைக்கும். வைகை அணை போன்ற ஆழமான நீரில் நிலைமை நேர் எதிர். குண்டு இலேசாக இருந்தால் வலை தரையைத் தொடுவதற்கு முன்பே சுருங்கிவிடும், கட்லாவும் ரோகுவும் அதற்குள் வெளியேறிவிடும். விரகனூர் மதகணைக்குக் கீழே, ஆற்றில் கல்லும் மணலும் கலந்து கிடக்கும் இடங்களில் எடையை விடக் குண்டின் வடிவம்தான் முக்கியம்.

கண்மாய்க்குள் இன்னொரு சங்கடம் கருவேலம். நாட்டுக் கருவேலமோ சீமைக்கருவேலமோ, தண்ணீருக்குள் மறைந்திருக்கும் அதன் தூரும் வேரும் வலைக்கு எமன். விளிம்பு கூராக இருக்கும் குண்டு அந்த வேரில் போய் உட்கார்ந்துகொள்ளும். இழுத்தால் குண்டு போகும், இல்லையென்றால் வலை கிழியும்.

எங்கே வீசப் போகிறீர்கள் என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கண்மாயின் மீன்பாசி குத்தகை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, யாரிடம் இருக்கிறது என்று கேட்டு அனுமதி வாங்குவதையும் இப்போதே முடித்துவிடுங்கள்.

படி 2: எடைக் கணக்கு

வலையின் உச்சியிலிருந்து அடிக்கயிறு வரை 8 அடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழு வட்டமாக விரிந்தால் சுற்றளவு சுமார் 50 அடி, அதாவது 15.3 மீட்டர். ஆனால் எல்லா வலையும் முழு வட்டமாகப் பின்னப்பட்டிருக்காது. அதனால் கணக்கை மட்டும் நம்பாமல் அடிக்கயிற்றை டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

10 சென்டிமீட்டருக்கு ஒரு குண்டு என்றால் இந்த வலைக்கு 153 குண்டு வேண்டும். குண்டு ஒன்று 20 கிராம் என்றால் மொத்தம் 3 கிலோவுக்குச் சற்று மேல் வரும். கண்மாய்க்கு இது போதும். அணைக்கட்டு ஆழத்துக்கு 4 கிலோ வேண்டுமென்றால் குண்டு ஒன்று 26 கிராம் ஆகிறது. நான் மனதில் வைத்திருக்கும் கணக்கு எளிது: அடிக்கயிற்றில் ஒரு மீட்டருக்குக் கண்மாயில் 200 கிராம், ஆழத்தில் 260 கிராம்.

குண்டுகளுக்கு இடையே 20 சென்டிமீட்டர் விட்டு, ஒவ்வொன்றையும் 40 கிராமாகப் போட்டாலும் மொத்த எடை அதேதான் வரும். ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு குண்டுக்கு நடுவே கயிறு தரையிலிருந்து தூக்கி நிற்கும். கெளுத்தியும் விராலும் தரையை ஒட்டிப் போகிறவை, அந்த இடைவெளியை உடனே கண்டுபிடித்துவிடும். சின்னக் குண்டுகளை நெருக்கமாகக் கட்டுவதே சரி.

படி 3: வடிவமும் துளையும்

ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். ஆகவே 20 கிராம் குண்டுக்கு 1.76 கன சென்டிமீட்டர் இடம் வேண்டும். இந்த ஓர் எண் கையில் இருந்தால் எந்த வடிவத்தையும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

நேர்க்குழாய் வடிவம் செய்வதற்கு எளிது. 10 மில்லிமீட்டர் பருமன், 4 மில்லிமீட்டர் துளை என்றால் 27 மில்லிமீட்டர் நீளத்தில் 20 கிராம் கிடைக்கும். குறை என்னவென்றால் இரண்டு முனையும் வெட்டினது வெட்டினபடி கூராக இருக்கும். வேரும் கல்லும் அதிகம் இருக்கும் கண்மாய்க்கு அது ஆகாது. முழு உருண்டை வடிவம் எதிலும் சிக்காது, ஆனால் நீளம் இல்லாததால் வலைக் கண்ணிக்குள் புகுந்து முறுக்கிக்கொள்ளும். கண்ணியின் ஒரு பக்கத்தை விடக் குண்டு நீளமாக இருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது இரண்டுக்கும் நடுவில் உள்ள வடிவம்: உடல் உருளை, இரு முனையும் அரைக்கோளம். பருமன் 12 மில்லிமீட்டர், முனையிலிருந்து முனைவரை 22 மில்லிமீட்டர், துளை 4 மில்லிமீட்டர் என்று வைத்தால் சரியாக 20 கிராம் வருகிறது. நீளத்தை 1 மில்லிமீட்டர் கூட்டினால் எடை 1.14 கிராம் கூடும். 26 கிராம் வேண்டுமானால் நீளம் 27 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மதுரைப் பக்கத்துத் தண்ணீருக்கு இதைவிடப் பொருத்தமான வடிவத்தை நான் பார்த்ததில்லை.

துளையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் குண்டு காணாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் துளைதான். குண்டு தானாக அறுந்து விழுவதில்லை. துளையின் வாய் கூராக இருந்து நைலான் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அராவிவிடுகிறது. கயிற்றின் பருமனை விட 1 மில்லிமீட்டர் அதிகமாகத் துளை இருக்கட்டும்: 3 மில்லிமீட்டர் கயிறு என்றால் 4 மில்லிமீட்டர் துளை. அதைவிடப் பெரிதாக வைத்தால் குண்டு கயிற்றில் அலையும், முடிச்சு தேயும். வார்த்த பிறகு ஒவ்வொரு குண்டிலும் துளையின் இரு வாயையும் 8 மில்லிமீட்டர் டிரில் பிட்டால், இயந்திரம் இல்லாமல், கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றி விளிம்பை மழுக்குங்கள். 153 குண்டு என்றால் 306 வாய். வேலைதான், ஆனால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

படி 4: அச்சு எதில் இருக்க வேண்டும்

இங்கேதான் காசு செலவாகிறது, ஆகவே இங்கேதான் நிதானமும் வேண்டும். அச்சு இரண்டு பாதியாகப் பிரியும். மூடினால் நடுவே குண்டின் வடிவில் குழி இருக்கும், துளை விழுவதற்காக அதன் ஊடே ஒரு கம்பி செருகப்படும், மேலே இருக்கும் ஊற்றுவாய் வழியாக உருகிய ஈயத்தை ஊற்ற வேண்டும்.

அலுமினியம்: முதல் அச்சு வாங்குகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான். இலேசானது, சீக்கிரம் சூடேறும், ஈயம் அதில் ஒட்டாது, துருப்பிடிக்காது. வெட்டுவதும் எளிது. ஆனால் மென்மையான உலோகம். இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு ஈயத் துணுக்கு கிடப்பதைப் பார்க்காமல் அழுத்தி மூடினால் பள்ளம் விழுந்துவிடும். குண்டு வெளியே வரவில்லை என்று ஆணியால் நெம்பினாலும் அச்சு கெட்டது. பொறுமையாகக் கையாள்கிறவரிடம் அது நீண்ட நாள் உழைக்கும்.

இரும்பு: சூடேற நேரம் எடுக்கும், ஏறிய சூட்டை விடாது. ஒரே நாளில் ஊருக்கே குண்டு வார்க்கப் போகிறீர்கள் என்றால் இரும்பு அச்சுதான் சரி. ஒவ்வொரு குண்டும் ஒரே தரத்தில் விழும். ஆனால் மழைக்காலத்தில் எண்ணெய் போடாமல் வைத்தால் குழிக்குள் துரு பிடித்துவிடும். துருவைச் சுரண்டினால் குழியின் அளவே மாறிப்போகும். எண்ணெய் போட்டு வைத்தால் வார்ப்பதற்கு முன் அதை முழுக்கத் துடைத்தாக வேண்டும், இல்லையென்றால் குண்டு சுருக்கம் சுருக்கமாக விழும்.

பித்தளை: துரு இல்லை, சூட்டையும் நன்றாகத் தாங்கும். ஆனால் விலை அதிகம், கனமும் அதிகம். இன்னொரு தொல்லையும் உண்டு. ஈயத்தில் வெள்ளீயம் கலந்திருந்தால், பற்றவைப்பதுபோல அது பித்தளையோடு பிடித்துக்கொள்ளும். காயலான் கடை ஈயத்தில் என்ன கலந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் இந்த வேலைக்குப் பித்தளை வேண்டாம் என்பது என் கருத்து.

மாக்கல்: கல்சட்டி செய்கிறார்களே, அதே கல். உளியாலும் கத்தியாலும் குடையலாம், சூட்டுக்குப் பயப்படாது. ஈயம் வார்க்கப் பல நூற்றாண்டாகப் பயன்படும் பொருள் இது. கல்சட்டி வேலை தெரிந்த கை கிடைத்தால் ஒற்றைக் குழி அச்சு அழகாகவே அமையும். உலோகத்தை விட மெதுவாக ஆறுவதால் ஒவ்வொரு குண்டுக்கும் காத்திருக்க வேண்டும். கீழே விழுந்தால் உடையும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்: இதைத் தனியாக எச்சரித்தே ஆகவேண்டும். விளாச்சேரியில் பொம்மைக்குப் பிளாஸ்டர் அச்சு எடுப்பதைப் பார்த்துவிட்டு, அதிலேயே ஈயமும் ஊற்றலாமே என்று யாருக்கும் தோன்றும். கெட்டியான பிளாஸ்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் தண்ணீர், அதன் கட்டமைப்பிலேயே சேர்ந்திருக்கிறது. தொட்டால் காய்ந்ததாகத்தான் தெரியும். 350 டிகிரி ஈயம் பட்டதும் அந்தத் தண்ணீர் நீராவியாகக் கிளம்பி, ஈயத்தை முகத்தில் தெறிக்கவைக்கும். பச்சை மண் அச்சுக்கும் இதே ஆபத்துதான். இரண்டும் வேண்டாம்.

மர அச்சு நான்கைந்து குண்டிலேயே கருகத் தொடங்கும். அவசரத்துக்கு ஒன்றிரண்டு வார்க்கலாம், அவ்வளவுதான்.

படி 5: எத்தனை குழி

153 குண்டுக்கு ஒற்றைக் குழி அச்சு என்றால் 153 தடவை ஊற்ற வேண்டும். நான்கு குழி என்றால் 39, ஆறு குழி என்றால் 26. ஆறு குழி அச்சு கனமாக இருக்கும். ஒரே மூச்சில் எல்லாக் குழியையும் நிரப்ப 200 கிராமுக்குக் குறையாமல் பிடிக்கும் கரண்டியும் பழகிய கையும் வேண்டும். கை தயங்கினால் கடைசிக் குழி பாதியில் நின்றுவிடும். வீட்டு வலைக்கு நான்கு குழி போதும்.

படி 6: வாங்குவதா, செய்யச் சொல்வதா

கடற்கரை ஊர் வலைக்கடைகளில் ஆயத்த அச்சு கிடைத்தால் கையில் எடுத்துப் பாருங்கள். கடல் வலைக்கு வார்க்கும் குண்டு பெரும்பாலும் பெரியது, அதனால் எடையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரு பாதியையும் மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். குழி, ஊற்றுவாய், காற்று வெளியேறக் கிழித்திருக்கும் கோடுகள் தவிர வேறு எங்கும் வெளிச்சம் தெரியக் கூடாது. மூடியபடியே பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். பொருத்தும் ஊசிகளில் ஆட்டம் இருந்தால் குண்டின் இரு பாதியும் ஒன்றுக்கொன்று தள்ளி விழும். பிறகு குழிக்குள் விரலை ஓட்டுங்கள். விரலுக்குத் தட்டுப்படும் கீறல் எல்லாம் குண்டிலும் வரும், குண்டை வெளியே வரவிடாமல் பிடித்துக்கொள்ளவும் செய்யும்.

குழியின் எடையை ஈயம் இல்லாமலே சோதிக்கலாம். துளைக் கம்பியை வைத்து அச்சை மூடி, மெழுகுவர்த்தி மெழுகை ஊற்றி, ஆறியதும் எடுத்து, ஊற்றுவாயில் உறைந்து நிற்கும் வாலை வெட்டிவிட்டு, நகைக்கடைத் தராசு அளவுக்கு நுட்பமான தராசில் நிறுத்துப் பாருங்கள். மெழுகு 1.6 கிராம் இருந்தால் ஈயக் குண்டு ஏறத்தாழ 20 கிராம் வரும். சோதித்த பிறகு மெழுகைச் சுத்தமாக நீக்க மறக்காதீர்கள்.

செய்யச் சொல்வதுதான் எனக்குப் பிடித்த வழி. கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் மில்லிங் மெஷின் இருக்கும் பட்டறைகள் உண்டு. வாயால் சொல்லாமல் படம் வரைந்து, அளவெழுதிக் கொடுங்கள். கூடவே வலையையும் ஒரு பழைய குண்டையும் எடுத்துப் போங்கள். துப்பாக்கிக்கான ரவை, அதன் பாகங்கள், அவற்றைச் செய்யும் கருவி எல்லாமே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குள் வருபவை, உரிமம் இல்லாமல் தொடக் கூடாதவை. முனை உருண்ட ஈயக்குண்டுக்கு அச்சு என்றதும் பட்டறைக்காரர் விசாரிப்பது நியாயம். நடுவில் துளை இருக்கிறது, இது வலைக்கு என்று படத்திலேயே எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை.

வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும். 140 மில்லிமீட்டர் நீளம், 50 அகலம், 20 தடிமனில் இரண்டு அலுமினியத் துண்டு. அவற்றைச் சேர்த்துப் பிடித்து, முதலில் பொருத்தும் ஊசிகளுக்கு இரண்டு துளை போட வேண்டும். குழியை வெட்டிவிட்டு ஊசி போட்டால் எப்படியும் விலகும், ஆகவே ஊசிதான் முதல். பிறகு இரண்டையும் பிரித்து, ஒவ்வொரு பாதியிலும் 12 மில்லிமீட்டர் உருண்டை முனைக் கட்டரால் 6 மில்லிமீட்டர் ஆழத்துக்கு, 22 மில்லிமீட்டர் நீளத்தில் நான்கு குழி. குழிகள் ஒரே நேர்கோட்டில், நடுவில் 8 மில்லிமீட்டர் சுவர் விட்டு அமைய வேண்டும். அந்தக் கட்டர் தானாகவே முனைகளை அரைக்கோளமாக்கிவிடும்.

நான்கு குழியும் ஒரே கோட்டில் இருப்பதற்குக் காரணம் உண்டு. அப்போதுதான் ஒரே கம்பி நான்கிலும் ஊடுருவிப் போகும், ஒரே இழுப்பில் நான்கு குண்டும் விடுபடும். 4 மில்லிமீட்டர் எஃகுக் கம்பியை எமரித் தாளால் தேய்த்து, கைப்பிடிப் பக்கம் சற்றுத் தடித்தும் நுனிப் பக்கம் சற்று மெலிந்தும் இருக்கும்படி செய்யுங்கள். ஈயம் ஆறும்போது சுருங்கிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். சரிவு இல்லாத கம்பி வெளியே வராது. துத்தநாகம் பூசிய ஜிஐ கம்பி வேண்டவே வேண்டாம்.

ஊற்றுவாய் ஒவ்வொரு குழிக்கும் மேல் விளிம்பிலிருந்து புனல் வடிவில் இறங்கட்டும், கழுத்து 4 மில்லிமீட்டர். அதைவிட ஒடுங்கினால் கழுத்து முதலில் உறைந்துவிடும். குழிக்குள் ஈயம் சுருங்கும்போது மேலிருந்து நிரப்ப வழி இருக்காது, குண்டுக்குள் பொந்து விழும். கடைசியாக, ஒவ்வொரு குழியின் மேல்மூலையிலிருந்தும் வெளி விளிம்புக்குக் கூர் ஊசியால் ஒரு மெல்லிய கோடு கிழிக்கச் சொல்லுங்கள். காற்று வெளியேற அது போதும், ஈயம் அதில் நுழையாது. கைப்பிடி மரத்தில் இருக்கட்டும்.

படி 7: ஈயம்

பழைய கேபிள் உறை, பழைய ஈயக் குழாய் ஆகியவற்றில் கிடைப்பது பெரும்பாலும் மென்மையான காரீயம். நகத்தால் கீறினால் கோடு விழும். கயிற்றின் மேல் வைத்து இடுக்கியால் நசுக்கி மூடும் பிளந்த குண்டுக்கு இதுதான் வேண்டும். கெட்டி ஈயம் அங்கே விரிசல் விடும். கோக்கும் குண்டுக்குச் சற்றுக் கெட்டியானது நல்லது, கல்லில் அடிபட்டாலும் துளை நசுங்காது.

டயர் கடைகளில் வீல் பேலன்ஸ் செய்யும்போது கழற்றும் எடைத் துண்டுகள் இதற்கு ஏற்றவை, அவற்றில் ஈயத்தைக் கெட்டியாக்கும் ஆண்டிமனி சிறிதளவு கலந்திருக்கும். 3 சதவீத ஆண்டிமனி இருந்தால் குண்டின் எடை 2 சதவீதம்தான் குறையும், கணக்கை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் இப்போது வருகிற துண்டுகளில் துத்தநாகமும் இரும்பும் கலந்து கிடக்கின்றன. பி.பி. என்று பொறித்திருந்தால் ஈயம், இசட்.என். என்றால் துத்தநாகம், எஃப்.இ. என்றால் இரும்பு. எழுத்து இல்லாததை வெட்டுக்குறடால் கடித்துப் பாருங்கள், ஈயம் வளைந்து கொடுக்கும். கொஞ்சம் துத்தநாகம் கலந்துவிட்டாலும் ஈயம் கஞ்சி மாதிரி கெட்டியாகி, குழியின் மூலைகளை நிரப்பாது. நல்லவேளையாக ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகத்துக்கு 419 வேண்டும். சூட்டை 400க்குள் வைத்திருந்தால் தப்பி வந்த துத்தநாகத் துண்டு உருகாமல் மேலே மிதக்கும், அகப்பையால் எடுத்துப் போட்டுவிடலாம்.

பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்காதீர்கள். உள்ளே கந்தக அமிலம் இருக்கிறது. அதன் தட்டுகளில் கலந்திருக்கும் ஆர்சனிக், ஆண்டிமனியிலிருந்து உயிருக்கே ஆபத்தான வாயு கிளம்பக்கூடும். பழைய பேட்டரி போக வேண்டியது பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்குத்தான். சட்டமும் அதையே சொல்கிறது.

படி 8: வார்த்துப் பார்ப்பது

திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி அடுப்பை வையுங்கள். கூரைக்குக் கீழே வேண்டாம், சமையலறையில் கூடவே கூடாது. சட்டியும் கரண்டியும் இரும்பில் இருக்கட்டும், அவை இனி சமையலுக்குத் திரும்பக் கூடாது. பருத்தித் துணி, மூடிய காலணி, தோல் கையுறை, கண்ணாடி இவை இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

எல்லா ஈயத்தையும் குளிர்ந்த சட்டியிலேயே போட்டு, பிறகு சூடேற்றுங்கள். உருகிக் கொண்டிருக்கும் ஈயத்தில் புதிதாக எதையும் போடாதீர்கள். கண்மாயிலிருந்து வந்த பழைய குண்டின் துளைக்குள் ஈரச் சேறு ஒட்டியிருக்கும். தண்ணீர் நீராவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் விரியும். ஒரு சொட்டு போதும், சட்டியில் இருப்பதெல்லாம் வெளியே தெறிக்க. நெற்றி வியர்வையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி, தலையில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

மேலே மிதக்கும் கசடை வழித்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். சூடு 350 முதல் 400 டிகிரி. இதற்கு ஒரு வெப்பமானி வாங்குவது வீண் செலவில்லை. அது இல்லாதபோது, வழித்த மேற்பரப்பைப் பாருங்கள். பொன்னிறம், நீலம், ஊதா என்று நிறம் படர்ந்தால் சூடு கூடிவிட்டது, தீயைக் குறையுங்கள். 500ஐத் தாண்டினால் புகையில் ஈயமும் சேர்ந்து வரும்.

ஊற்றுவதற்கு முன் குழிகளையும் கம்பியையும் விளக்குப் புகையில் காட்டி மெல்லிய கரி படியவிடுங்கள். அச்சைச் சட்டியின் விளிம்பருகே வைத்துச் சூடாக்குங்கள். அலுமினியம் சில நிமிடங்களில் தயாராகிவிடும். முதலில் விழும் குண்டுகள் சுருக்கம் விழுந்தோ பாதி நிரம்பியோ இருந்தால் அச்சு இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது. கவலைப்படாமல் தொடர்ந்து ஊற்றுங்கள், தானாகச் சரியாகும். குண்டின் மேல் வெண்மையாகப் பனி படிந்தது போன்ற மங்கல் வந்தால் அச்சு அதிகம் சூடேறிவிட்டது, கொஞ்சம் ஆறவிடுங்கள். தண்ணீரில் முக்கி ஆற்றாதீர்கள்.

ஈயம் உறைந்ததும் தாமதிக்காமல் கம்பியை லேசாகத் திருகி இழுங்கள். முழுக்க ஆறவிட்டால் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அச்சைத் திறந்து உலர்ந்த துணி மேல் குண்டுகளைத் தட்டுங்கள். வாலை வெட்டுக்குறடால் வெட்டி அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சூடு நிலைப்பட்ட பிறகு விழும் குண்டுகளில் ஒரு பத்தை எடுத்து நிறுத்துப் பாருங்கள். 200 கிராமுக்குப் பக்கத்தில் இருந்தால் அச்சு சரி. தனித்தனியாக நிறுத்தால் ஒரு கிராம் முன்பின் இருக்கலாம், வலைக்கு அது ஒன்றும் செய்யாது. மூன்று நான்கு கிராம் குறைகிற குண்டு இருந்தால் உள்ளே பொந்து இருக்கிறது, அடுத்த தடவை குளிர்ந்த சட்டியில் போட எடுத்து வையுங்கள். இரு பக்கமும் மெல்லிய இறகு போல் ஈயம் பிதுங்கினால் அச்சு முழுதாக மூடவில்லை, நடுவே துணுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மொத்தமாக எல்லாக் குண்டும் 12, 13 கிராமில் விழுந்தால் அச்சைச் சந்தேகப்படாதீர்கள். சட்டியில் இருப்பது ஈயமே இல்லை, துத்தநாகம்.

படி 9: உடம்பு

ஈயம் உடம்புக்குள் போவது மூச்சு வழியாகவும் வாய் வழியாகவும்தான். போனது எலும்பில் வருடக்கணக்கில் தங்கும். இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்கும். வார்க்கும் இடத்தில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கக் கூடாது. வேலை நடக்கும்போது வெற்றிலை, பீடி, டீ எதுவும் வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவுங்கள், உடுத்திய துணியைத் தனியாகத் துவையுங்கள். கசடு டப்பாவில் இருக்கும் மஞ்சள் கலந்த சாம்பல் தூள்தான் இந்த வேலையிலேயே மிக மோசமான பொருள், அதைத் தூசியாகப் பறக்கவிடாதீர்கள்.

இதைவிட முக்கியமானது வலை வீசும்போது நடக்கிறது. அடிக்கயிற்றைப் பல்லால் கவ்விக்கொண்டு வீசுவது நம் பக்கம் பரவலான பழக்கம். பழைய குண்டின் மேல் படிந்திருக்கும் வெண்சாம்பல் பூச்சு முழுக்க ஈயத்தின் கூட்டுப்பொருள்தான், அது நேராக வாய்க்குள் போகிறது. வார்ப்பதில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இந்த ஒரு பழக்கம் அதையெல்லாம் வீணாக்கிவிடும். தோளிலும் முழங்கையிலும் வலையைப் பிரித்துப் போட்டு வீசக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்குக் கை பழகும் வரை அடிக்கயிற்றை விட்டுவிட்டு, மேலே வலையைக் கவ்வுங்கள். பிளந்த குண்டைப் பல்லால் கடித்து மூடுவதும் இன்றோடு நிற்கட்டும், இடுக்கி இருக்கிறது.

நீரில் விழும் ஈயத்தை நீர்ப்பறவைகள் கல்லென்று நினைத்து விழுங்கும். அன்னப்பறவைகள் அப்படிச் செத்ததால்தான் இங்கிலாந்தில் 28 கிராம் வரையிலான ஈயத் தூண்டில் குண்டுகளுக்கு 1987இல் தடை வந்தது. நம் கண்மாய்களுக்கும் நாரையும் வாத்தும் வருகின்றன. குண்டு உதிராத வலை உங்களுக்கு மட்டுமல்ல, அவற்றுக்கும் நல்லது. ஈயமே வேண்டாம் என்று முடிவெடுத்தால் இரும்பு வளையம், சங்கிலி கட்டலாம். அதே எடைக்கு உருவம் சுமார் ஒன்றரை மடங்கு ஆகும், கண்மாய் ஆழத்துக்கு அது தாராளமாகப் போதும்.

அச்சைப் பாதுகாக்க

கடைசியாக வார்த்த குண்டுகளை, கம்பியை மட்டும் உருவிவிட்டு, அச்சுக்குள்ளேயே விட்டு ஆறவிடலாம், குழிக்குள் தூசியும் ஈரமும் சேராது. அலுமினிய அச்சைத் துணியில் சுற்றி வைத்தால் போதும். இரும்பு அச்சானால், ஆறியதும் மெல்லிய எண்ணெய் தடவிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். மறுபடி எடுக்கும்போது மண்ணெண்ணெயால் துடைத்து, அது முழுக்க ஆவியான பிறகுதான் அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டும். பொருத்தும் ஊசிகள் தேய்ந்து ஆட்டம் கொடுக்கத் தொடங்கினால் ஊசியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், அச்சை மாற்ற வேண்டியதில்லை. அச்சின் மேல் குண்டின் எடையையும் துளையின் அளவையும் பொறித்து வையுங்கள். அடுத்த வலைக்கு அடிக்கயிறு வாங்கும்போது அந்த எண்களைப் பார்த்து வாங்கலாம்.